எத்தனை அடுக்கு இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு உணவுக்குழாயில் ஆரம்ப நிலைப் புற்றுநோயாம். ஒரு டாக்டர் எண்டோஸ்கோப்பியிலேயே, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டே, எடுத்துவிடலாம் என்கிறார், இன்னொரு டாக்டர் ஆபரேஷன்தான் என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருந்தார். அடுத்த வாரம் இரண்டு பேர் அவருக்குப் பதில் எழுதியிருந்தார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும், ஆபரேஷனுக்குப் போகாதீர்கள்" என்றார் ஒருவர். "வேரோடு வெட்டி எடுக்காவிட்டால் திரும்ப வந்தே தீரும்" என்றார் மற்றவர். இரண்டுமே தப்பு. அந்தத் தம்பி இதில் ஏதாவது ஒன்றை நம்பி முடிவு எடுத்துவிடுவாரோ என்ற பதைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆத்தங்குடியில் 38 வருஷமாகத் தரைக்கல் வார்க்கிறவன். 2011ல் என் அக்கா வீட்டுக்காரருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். 2022ல் எனக்கு வந்தது. எனக்கு எண்டோஸ்கோப்பியில் எடுத்தார்கள். இரண்டு பேருமே ஆரம்ப நிலை. இரண்டு பேரும் இன்று நடமாடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வைத்தியத்தையும் ஒரே குடும்பத்துக்குள் பார்த்தவன் என்பதால் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

அத்தான் கல்யாணச் சமையல்காரர். தேவகோட்டையில் இருந்து கோனாபட்டு வரைக்கும் அவர் அடுப்பு மூட்டாத முகப்பு கிடையாது என்பார்கள். கொதிக்கிற சாம்பாரைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு அப்படியே வாயில் போட்டு உப்புப் பார்ப்பார். நாள் பூராவும் வெற்றிலையும் புகையிலையும். வேலை முடிந்த இரவுகளில் மதுவும் உண்டு. உணவுக்குழாய்க்கு எதெல்லாம் கெடுதல் என்று டாக்டர்கள் சொல்கிறார்களோ அதெல்லாம் அவரிடம் இருந்தது. புகையிலை, பாக்கு, மது ஆகியவை புற்றுநோய் தருபவை என்பது பழைய செய்தி. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பதும் உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தரக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு மையம் 2016ல் அறிவித்தது. அத்தானுக்கு அது ஐந்து வருஷம் தாமதமாக வந்த செய்தி.

அவருக்கு ஸ்கேனில் கட்டி குழாயை விட்டு வெளியே போகவில்லை, நெறிகட்டி எதிலும், அதாவது நிணநீர் முடிச்சு எதிலும், புற்று தெரியவில்லை என்று சொன்னார்கள். பிறகு ஆபரேஷன். அது என்ன மாதிரி ஆபரேஷன் என்று பலருக்குத் தெரியாது. உணவுக்குழாய் தொண்டைக்குக் கீழே தொடங்கி நெஞ்சுக்குள் இறங்கி வயிற்றில் சேர்கிற குழாய். சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் முதுகெலும்பு, பக்கத்திலேயே இதயமும் பெரிய ரத்தக்குழாயும். அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, சுற்றியுள்ள நெறிகட்டிகளையும் வழித்து எடுத்து, இரைப்பையைக் குழாய் மாதிரி நறுக்கித் தைத்து, அதை நெஞ்சு வழியாக மேலே இழுத்துக் கழுத்தில் இணைக்கிறார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் கழுத்திலும் அத்தானுக்கு மூன்று தழும்புகள் உண்டு.

பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். 31 நாள் ஆனது. கழுத்தில் தைத்த இடத்தில் கசிவு. வாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வயிற்றுப் பக்கம் சிறுகுடலில் போட்ட ட்யூப் வழியாகத்தான் கஞ்சி. நடுவில் நிமோனியா. குரல் கரகரத்துப்போய் ஆறு மாதம் கழித்துத்தான் பழையபடி வந்தது. இதெல்லாம் யாரும் தப்பு செய்ததால் வந்ததில்லை. இந்த ஆபரேஷனில் நடக்கக்கூடியவை என்று முன்கூட்டியே அக்காவிடம் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஆனால் இதையும் கேளுங்கள். எடுத்த நெறிகட்டிகள் 23. அதில் ஒன்றில் புற்று இருந்தது. ஸ்கேனில் தெரியாத ஒன்று. கட்டியும் குழாய்ச் சுவரின் இரண்டாவது அடுக்குக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. அப்புறம் கீமோவும் கொடுத்தார்கள். அன்றைக்கு "கத்தி படக்கூடாது" என்று யாராவது சொல்லி அக்கா அதைக் கேட்டிருந்தால் அத்தான் 2013ஐப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். பேரன் பிறந்ததை, அவன் பள்ளிக்கூடம் போனதை எல்லாம் அவர் பார்த்தது அந்த ஆபரேஷனால்.

விலையும் கொடுத்தார், கொடுத்துக்கொண்டும் இருக்கிறார். ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம், நாளைக்கு ஆறு வேளை. கொஞ்சம் இனிப்பு கூடினால் அரை மணி நேரத்தில் வியர்த்துக்கொட்டிப் படபடப்பு வந்து படுத்துவிடுவார். படுத்தால் சாப்பிட்டது மேலே ஏறும் என்பதால் 14 வருஷமாகத் தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்தபடிதான் தூக்கம். போன தை மாதம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு மேற்பார்வைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு ஆள்வீட்டுக் கோட்டையடுப்புப் பக்கம் போனால், கந்தரப்பத்துக்கு மாவு அரைபடுகிறது, இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். முதல் ஈடு எடுத்ததும் ஒரு பையன் கொண்டுவந்து நீட்டினான். ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார். "ஏலக்காய் பத்தலை" என்றார். மீதியை என் கையில் கொடுத்துவிட்டார்.

சரி, என் கதை. எனக்கு நெஞ்செரிச்சல் மட்டும்தான். பக்கத்து ஊரில் ஒரு இடத்தில் எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். உள்ளே விட்டு எடுக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. "லேசான புண், பயப்பட ஒன்றுமில்லை" என்று கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் சாப்பிட்டேன். அத்தான்தான் விடவில்லை. "மாப்ளே, நீயும் என்னை மாதிரியே புகையிலையை அதக்கிக்கிட்டுத் திரிஞ்சவன். இன்னொரு இடத்துல பாரு" என்று மதுரைக்குக் கூட்டிப்போனார்.

மதுரையில் பார்த்த டாக்டர் முதலில் எதுவும் செய்யாமல் பத்து நிமிஷம் கேள்வி கேட்டார். எத்தனை வருஷம் புகையிலை, குடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று. அப்புறம் குழாய்க்குள் அயோடின் கரைசல் தெளித்துப் பார்த்தார். இது பழைய முறைதான், செலவும் பெரிதில்லை. நல்ல தோலில் மாவுச்சத்து மாதிரி ஒரு சத்து இருக்கிறதாம். அயோடின் பட்டதும் அது கரும்பழுப்பாக மாறும். புற்று பிடித்த இடத்தில் அந்தச் சத்து இருக்காது, நிறம் ஏறாது. பிறகு படத்தைக் காட்டினார். குழாய் முழுக்கப் பழுப்பு. நடுவில் ஓர் இடம் மட்டும் வெளிறிப்போய் மஞ்சளாக, கோணல்மாணலான ஓரத்தோடு. கல் வார்க்கிறவனுக்கு அது உடனே புரிந்தது. சாயம் பிடிக்காத இடம் எங்கள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அயோடின் தெளிக்காமல் எடுத்த படத்தில் அதே இடம் எனக்கும் தெரியவில்லை, லேசான சிவப்பு அவ்வளவுதான். முதலில் பார்த்த இடத்தில் இதைத்தான் தவறவிட்டார்கள். என் நெஞ்செரிச்சலுக்கும் புற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் டாக்டர் சொன்னார். இந்த நிலையில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காதாம். சோறு அடைக்கிறது என்று ஒருவர் போய் நிற்கும்போது பெரும்பாலும் ஆரம்ப நிலை தாண்டிவிட்டிருக்கும்.

சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்சியில் புற்று என்று உறுதியானது. அன்று அந்த டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "ஐயா, உங்க கல்லில் எத்தனை அடுக்கு?"

ஆத்தங்குடிக் கல்லைத் தலைகீழாகத்தான் வார்ப்போம். கீழே கண்ணாடி. அதன்மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவோம். அது மெல்லிய அடுக்கு. அச்சை எடுத்துவிட்டு அதன்மேல் காய்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவுவோம், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடைசியாகக் கனமான கலவை. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, வெளியே எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். அந்த மெல்லிய சாய அடுக்குதான் பளபளவென்று மேலே இருக்கும். ஆகமொத்தம் மூன்று அடுக்கு என்றேன்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் வரைந்தார். உணவுக்குழாய்ச் சுவரும் அப்படித்தான். சோறு படுகிற உள்பக்கம் மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வே மூன்று படலம். அதற்கு அடியில் தளர்வான ஓர் அடுக்கு, அடிச்சவ்வு என்று சொல்லிக்கொள்கிறேன். அதற்கு அப்பால் சதை. அடிச்சவ்வில்தான் நிணநீர் ஓடுகிற நுண்ணிய வாய்க்கால்கள் மேலும் கீழுமாக நிறைய இருக்கின்றன. நம் ஊர் ஊருணிக்கு வரத்துக்கால் மாதிரி, அந்த வாய்க்கால்கள் போய்ச் சேருகிற இடம் நெறிகட்டி. புற்று சவ்வின் மேல் இரண்டு படலத்தில் நின்றிருந்தால் நெறிகட்டிக்குப் போயிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு, நூற்றுக்கு ஐந்துக்குள். மூன்றாவது படலத்தைத் தொட்டால் பத்தை ஒட்டி வரும். அடிச்சவ்வுக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் மூன்று பேரில் ஒருவருக்கு, சில கணக்குகளில் அதற்கும் மேல். நல்லது கெட்டதைப் பிரிக்கிற கோடு அடிச்சவ்வுக்குள் 0.2 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்றார். எங்கள் சாய அடுக்கே அதைவிடப் பல மடங்கு கனம்.

எண்டோஸ்கோப்பிக்காரர் சவ்வை எடுக்க முடியும். நெறிகட்டியை அவரால் எடுக்க முடியாது. ஆபரேஷன் செய்கிறவர் இரண்டையும் எடுப்பார், ஆனால் அதற்குக் குழாயையே எடுத்தாக வேண்டும். நெறிகட்டிக்குப் போயிருக்காத ஒருவருக்குக் குழாயை எடுப்பது தேவைக்கு மேற்பட்ட தண்டனை. போயிருக்கக்கூடிய ஒருவருக்குச் சவ்வை மட்டும் எடுத்து விட்டுவிடுவது ஆபத்து. இவ்வளவுதான் விஷயம். எனக்கு இது விளங்கியபோதுதான் 2011ல் அத்தானுக்கு நடந்ததும் சரியாக விளங்கியது.

"அப்படியென்றால் எத்தனை அடுக்கு இறங்கியிருக்கிறது என்று இப்போதே பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். முழு நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். பெரிதாக்கிக் காட்டும் கேமராவில் ரத்தக்குழாய்களின் நெளிவைப் பார்த்து ஊகிக்கலாம், உள்ளே விட்டுப் பார்க்கிற அல்ட்ராசவுண்டும் இருக்கிறது, ஆனால் இந்த மெல்லிய படலங்களுக்குள் அதெல்லாம் சில நேரம் தப்பும். நிச்சயம் வேண்டுமென்றால் புற்று இருக்கிற சவ்வை ஒரே துண்டாக எடுத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதாவது எண்டோஸ்கோப்பியில் எடுப்பது வைத்தியமும்தான், கடைசிப் பரிசோதனையும்தான். அந்த ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அதோடு முடிந்தது. ஆழம் அதிகம் என்று வந்தாலோ, வாய்க்காலுக்குள் புற்று புகுந்திருக்கிறது என்று வந்தாலோ, அப்புறமும் ஆபரேஷன் செய்யலாம், அல்லது கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்கலாம். அந்தக் கதவு மூடுவதில்லை.

அந்தத் தம்பிக்கு நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தைத்தான். கேமராவில் பார்க்கும்போதே ஆழம் அதிகம் என்று தெளிவாகத் தெரிந்தால் நேரே ஆபரேஷன் பற்றிப் பேசுவது நியாயம். அப்படித் தெரியாதபோது, அப்பாவின் குழாயை எடுக்கச் சம்மதிப்பதற்கு முன், "முதலில் எண்டோஸ்கோப்பியில் எடுத்துப் பார்க்க முடியாதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எண்டோஸ்கோப்பி செய்கிறவரிடம், "ரிப்போர்ட் மோசமாக வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாமல் "ஆபரேஷனே வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

என் மகள் ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறாள். அவள் சும்மா இருக்கவில்லை. ஆபரேஷன் டாக்டரையும் தனியாகப் பார்த்தாக வேண்டும் என்று கூட்டிப்போனாள். அவர் பெரிய மனசுக்காரர். கேமரா வைத்துச் சின்னத் துளைகள் வழியாகச் செய்தால் நுரையீரல் தொற்று வெகுவாகக் குறைகிறது, 2011 மாதிரி இல்லை இப்போது என்றார். அதோடு, "உங்கள் படத்தைப் பார்த்தால் மேலோட்டமாகத் தெரிகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் எண்டோஸ்கோப்பிக்குப் போவேன். தேவைப்பட்டால் என்னிடம் வாருங்கள்" என்றார். இன்னொன்றும் சொன்னார். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் முதியவர்களை வைத்துக் கணக்கெடுத்து 2002ல் வெளியிட்டார்களாம். மிகக் குறைவாகச் செய்கிற மருத்துவமனைகளில் நூற்றுக்கு 20 பேர் இறந்திருக்கிறார்கள், மிக அதிகமாகச் செய்கிற மருத்துவமனைகளில் நூற்றுக்கு 8 பேர். இப்போது எல்லா இடத்திலும் இறப்பு குறைந்திருக்கிறது, ஆனால் கை பழகிய இடத்துக்கும் பழகாத இடத்துக்கும் வித்தியாசம் இன்னும் இருக்கிறது என்றார். 1913ல் நியூயார்க்கில் டோரெக் என்ற டாக்டர் முதன்முதலில் நெஞ்சைத் திறந்து இதை வெற்றிகரமாகச் செய்த கதையையும் சொன்னார். இரைப்பையை மேலே இழுக்கிற வித்தை அன்று இல்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் வெளியே ஒரு ரப்பர் ட்யூப் இணைக்க, அவருடைய நோயாளியான ஒரு அம்மாள் அதன் வழியாகவே சாப்பிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தாராம். அன்று ராத்திரி அத்தானிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அம்மாவுக்கு ருசி தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

எனக்கு எண்டோஸ்கோப்பி சிகிச்சை மயக்கம் கொடுத்துத்தான் நடந்தது. ஜப்பான்காரர்கள் உருவாக்கி வளர்த்த முறை. அந்த நாட்டு அரசுக் காப்பீட்டில் 2008ல் உணவுக்குழாய்க்கும் சேர்த்துவிட்டார்கள். கெட்ட இடத்தைச் சுற்றிப் புள்ளி வைத்துக்கொள்கிறார்கள். சவ்வுக்கு அடியில் நீல மருந்து கலந்த திரவத்தை ஊசியால் ஏற்றினால், அது பணியாரம் உப்புகிற மாதிரி சதையை விட்டு எழும்பி நிற்கும். பிறகு நுனி இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத மின்கத்தியால் சுற்றி வெட்டி, அடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுக்கிறார்கள். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. சதையில் கத்தி பட்டால் குழாய் ஓட்டையாகிவிடும், ரத்தம் வரலாம். அந்த ஆபத்து சின்னதுதான், ஆனால் உண்டு. வெளியே ஒரு தழும்புகூட இல்லை. மூன்றாவது நாள் கஞ்சி, ஐந்தாவது நாள் வீடு.

எடுத்த துண்டை என் மனைவிக்குக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைத் தெர்மக்கோல் மேல் விரித்து, சுற்றிலும் ஊசி குத்தி, எது மேல்பக்கம் எது கீழ்ப்பக்கம் என்று எழுதி வைத்திருந்ததாம். ஐந்து சென்டிமீட்டர் நீளம். அதை இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வரிசையாக நறுக்கி ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பட்டறைக்குப் போனேன், ஒரு கல்கூட ஒழுங்காக வரவில்லை. பத்தாம் நாள் மகள் போனில் வாசித்தாள். இரண்டாவது படலத்தோடு நின்றிருக்கிறது. ஓரங்கள் சுத்தம். அடிப்பக்கம் சுத்தம். வாய்க்காலுக்குள் எதுவும் இல்லை. ஆபரேஷன் தேவையில்லை.

இதோடு கதை முடிந்தது என்று எழுதினால் அது பொய். குழாயின் சுற்றளவில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்திருந்தார்கள். அவ்வளவு எடுத்தால் புண் ஆறும்போது குழாய் சுருங்கும். சுருங்காமல் இருக்க ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் கொடுத்தும், ஐந்தாவது வாரம் இட்லி அடைத்துக்கொண்டது. பலூன் விட்டு விரித்தார்கள். அப்படி நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் மதுரை போய்வந்து, அன்று பட்டறை மூடி. இதை யாரும் எனக்கு மறைக்கவில்லை, ஆனால் "எண்டோஸ்கோப்பி என்றால் ஒரே நாள் வேலை" என்று நம்பி வருகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று அதைவிட முக்கியம். அத்தானுக்குக் குழாயே இல்லை. எனக்கு அப்படியே இருக்கிறது, முப்பது வருஷம் புகையிலைச் சாறு ஊறின குழாய். ஓர் இடத்தில் எடுத்தாலும் வேறோர் இடத்தில் புதிதாக முளைக்கலாம். அதனால் முதலில் மூன்று மாதத்தில், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அயோடின் தெளித்துப் பார்க்கிறார்கள். பதினைந்தாவது மாதம் கீழே இன்னொரு சின்னப் புள்ளி இருந்தது, எட்டு மில்லிமீட்டர். அதையும் எடுத்தார்கள், இரண்டே நாள் படுக்கை. அந்தப் பரிசோதனைக்கு நான் போகாமல் இருந்திருந்தால்? ஆவணியில் வேலை அதிகம், கார்த்திகையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அன்று நினைத்தேன். மனைவி பையை எடுத்துவைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றதால் போனேன். மதுவை விட்டவர்களுக்குப் புதிதாக முளைப்பது குறைகிறது என்று ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். நான் குடிப்பதில்லை. புகையிலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது.

பெரிய கணக்குகள் என்ன சொல்கின்றன என்று மகளிடம் கேட்டேன். ஷாங்காயில் ஒரு மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பியிலோ ஆபரேஷனிலோ சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 600 பேரை ஒப்பிட்டு 2019ல் வெளியிட்டிருக்கிறார்கள். இறப்பிலும், நோய் திரும்புவதிலும் பெரிய வேறுபாடு இல்லை. சிகிச்சையை ஒட்டிய கடுமையான சிக்கல்கள் எண்டோஸ்கோப்பியில் நூற்றுக்கு 15, ஆபரேஷனில் 28. ஆனால் இது சீட்டுக் குலுக்கி ஆளைப் பிரித்துப் பார்த்தது இல்லை, ஏற்கெனவே நடந்ததைத் திரும்பிப் பார்த்தது. பின்தொடர்ந்த காலமும் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் இதை வைத்து எண்டோஸ்கோப்பி ஜெயித்துவிட்டது என்று சொல்லக்கூடாது என்று மகளே சொன்னாள். ஆழமாக இறங்கியவர்களுக்கும் முதலில் எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வு ஒன்றும் அதே வருஷம் வந்திருக்கிறது. மூன்று வருஷம் கழித்து நூற்றுக்கு 90 பேர் இருந்திருக்கிறார்கள். ஆபரேஷனைத் தாங்க முடியாத உடம்புள்ள பெரியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். 2011ல் அத்தானுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

நம் பக்கத்தில் அதிகம் வருவது எனக்கு வந்த ஸ்குவாமஸ் என்கிற வகைதான். அமிலம் மேலே ஏறி ஏறிக் குழாயின் அடிப்பகுதியில் வருகிற அடினோ என்கிற இன்னொரு வகை மேல்நாட்டில் அதிகம். அதற்கும் எண்டோஸ்கோப்பி சிகிச்சை உண்டு, கணக்குகள் கொஞ்சம் வேறு. பயாப்சி ரிப்போர்ட்டில் எந்த வகை என்று போட்டிருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மருத்துவத் துறைக்கு இரண்டு வேண்டுகோள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் வெற்றிலைப் பெட்டி இல்லாத வீடு குறைவு. பாக்கோடு புகையிலையும் போடுகிற ஆண்களும் பெண்களும் ஏராளம். நம் ஆச்சிமார்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், புகையிலை உண்டா என்று அவர்களை எந்த டாக்டரும் கேட்பதே இல்லை. வேறு எதற்காகவாவது எண்டோஸ்கோப்பிக்கு வந்தாலும், நீண்ட காலம் புகையிலை போட்டவர் என்றால் அயோடினோ, புதுக் கேமராக்களில் இருக்கிற நிறம் மாற்றிப் பார்க்கிற வசதியோ பயன்படுத்தி ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்யுங்கள். அயோடினுக்கு ஒவ்வாமை இருக்கிறதா, தைராய்டு தொந்தரவு உண்டா என்று முன்பே கேட்டுக்கொண்டால் போதும். ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகும்.

இரண்டாவது, ரிப்போர்ட்டைத் தமிழில் ஒரு தாளில் கொடுங்கள். எத்தனை அடுக்கு, ஓரம் சுத்தமா, வாய்க்காலுக்குள் போயிருக்கிறதா, நெறிகட்டியில் என்ன, நாலே வரி. என் மகள் லேபில் இருந்ததால் எனக்கு விளங்கியது. அக்காவுக்கு 2011ல் கையில் இருந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவே தெரியாது. டிஸ்சார்ஜ் பைலைப் பூஜை அறையில் வைத்திருந்தாள். 23ல் ஒன்று என்பதை நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதே பல வருஷம் கழித்து, என் சிகிச்சையின்போது மகள் அந்தப் பைலை வாங்கிப் பார்த்தபோதுதான். பக்கத்து புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்துதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954ல் தொடங்கினார் என்பார்கள். அவர் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற நாங்கள் ஒரு தாள் தமிழில் கேட்பது அதிகமில்லை.

அந்தத் தம்பி எந்த ஊர் என்று கடிதத்தில் இல்லை. இந்தப் பக்கம் என்றால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஆத்தங்குடிக்கு வரட்டும். காலையில் பத்து மணிக்குள் வந்தால் சாயம் ஊற்றுகிற நேரம், நான் பட்டறையில்தான் இருப்பேன். அத்தானையும் வரச் சொல்கிறேன். அவர் சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார், நான் என் படங்களைக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு டாக்டரிடம் போகட்டும். வருகிற புதன்கிழமை மட்டும் வேண்டாம், அன்று எனக்கு மதுரையில் பரிசோதனை.

இப்படிக்கு,
தரைக்கல் வார்க்கும் வாசகர்,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.